வெள்ளை அடைப்பு நிறம் மாறிவிட்டதா? எடுக்கச் சொல்வதற்கு முன் எங்கே மாறியது என்று பாருங்கள்

"டாக்டர், மூணு வருஷத்துக்கு முன்னாடி முன்பல்லுல லேசர் ஃபில்லிங் வெச்சேன், இப்போ மஞ்சளா தெரியுது, எடுத்துட்டுப் புதுசா வெச்சுடுங்க."

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிச் சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். அது லேசர் கிடையாது. நீல வெளிச்சம் காட்டி இறுகவைக்கிற காம்போசிட் என்கிற பிசின் கலவைதான், அந்த நீல விளக்கைப் பார்த்து நம் ஊரில் லேசர் என்று பேர் வந்துவிட்டது. பேர் எதுவாக இருந்தாலும் சரி, எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதுதான் தீர்வு என்று உடனே முடிவு செய்யாதீர்கள். காம்போசிட் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் அதைக் குடைந்து எடுக்கும்போது எங்கே அடைப்பு முடிகிறது, எங்கே பல் ஆரம்பிக்கிறது என்று எங்களுக்கே சட்டென்று தெரியாது, கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்துதான் போகும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகிறது. கடுகளவு சொத்தைக்கு அடைத்த பல், நாலைந்து தடவை மாற்றி மாற்றிக் கடைசியில் கேப் போடுகிற நிலைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். நிறம் மாறிவிட்டது என்று வருகிறவற்றில் நிறைய அடைப்புகளை எடுக்கவே வேண்டியதில்லை. மேலே பாலிஷ் போட்டால் போதும், அல்லது கெட்ட இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டுப் போட்டால் போதும்.

எதைச் செய்வது என்பது நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேல்பரப்பிலா, ஓரத்திலா, அடைப்புக்கு உள்ளேயா, இல்லை அடைப்பு அப்படியே இருக்க பல்தான் மாறியிருக்கிறதா? முதலில் வீட்டிலேயே ஒரு தடவை பாருங்கள்.

காலையில் பல் தேய்த்ததும், வாய் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். பாத்ரூம் எல்.இ.டி. வெளிச்சத்தை நம்பாதீர்கள், ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் ஒத்துப்போகாது. கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் நகத்தால் அடைப்பிலிருந்து பல்லுக்கும், பல்லிலிருந்து அடைப்புக்கும் மெதுவாகத் தடவிப் பாருங்கள், எங்கேயாவது நகம் மாட்டுகிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று. பேசுகிற தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தெரிகிறதா என்று வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். நிற வித்தியாசத்தை டெல்டா ஈ என்ற எண்ணால் அளக்கிறார்கள். அது 1.2 இருந்தால்தான் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசமே கண்ணில் படும், 2.7 வரை போனாலும் பாதிப் பேர் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக்கு அரை அடியில் நின்று பார்த்தால் மட்டும் தெரிகிற வித்தியாசத்துக்காகப் பல்லைக் குடையக் கூடாது.

வைத்த அன்றே நிறம் பொருந்தவில்லை

இரண்டு நாள் பொறுங்கள். அடைக்கும்போது வாயைத் திறந்தே வைத்து, காற்றடித்து, பஞ்சு வைத்துப் பல்லைக் காயவிடுகிறோம். காய்ந்த பல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துத் தெரியும், பக்கத்தில் அடைப்பு மட்டும் மஞ்சளாக நிற்கும். எச்சில் ஊறி ஈரம் திரும்பினால் இரண்டும் சேர்ந்துவிடும். முழுதாகத் திரும்ப ஒரு நாள்கூட ஆகலாம்.

இதற்கு நேரெதிரான இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும், மறுநாள் பார்த்தால் அடைப்பு பளீரென்று வெள்ளையாகத் துருத்தும். பல் காய்ந்த பிறகு நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இது காத்திருந்தாலும் சரியாகாது. நிறத்தை வேலை ஆரம்பிக்கும் முன்பே, ஈரமான பல்லில்தான் பார்க்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் விட்டா கிளாசிக்கல் அட்டவணையில் 16 நிறம் இருக்கிறது, என் கிளினிக்கில் ஏ2, ஏ3 இரண்டும்தான் அதிகம் தீர்கிறது. அட்டவணையை மட்டும் நம்பாமல், பசை தடவாத பல்லில் காம்போசிட்டை ஒரு மிளகளவு வைத்து, விளக்குக் காட்டி இறுகவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இறுகுமுன் ஒரு நிறம், இறுகியபின் ஒரு நிறம். அதில் வெளிச்சத்தை வாங்குகிற கேம்ஃபர்குவினோன் என்ற பொருள் தானே மஞ்சள் நிறம், நீல வெளிச்சம் பட்டதும் அந்த மஞ்சள் குறையும். உங்கள் டாக்டரிடம் இப்படிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலைதான்.

முன்பல்லின் ஓரம் உடைந்து வைத்த அடைப்பு மஞ்சளாகவும் இல்லாமல் வெள்ளையாகவும் இல்லாமல் சாம்பலாகத் தெரிந்தால் அது வேறு. அந்த இடத்தில் பின்னால் பல் கிடையாது, வாயின் இருட்டுதான் இருக்கிறது. ஒளி ஊடுருவும் காம்போசிட்டை மட்டும் வைத்தால் அந்த இருட்டு தெரியும். உள்ளே ஒளி புகாத அடர்த்தியான காம்போசிட்டை ஒரு அடுக்கு வைத்து, மேலே எனாமல் (பல்லின் கடினமான வெளி ஓடு) போன்றதை வைத்தால்தான் பல் மாதிரி வரும்.

மொத்தமாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆகிவிட்டது, ஓரம் நன்றாக இருக்கிறது

அதிகம் வருவது இதுதான், சுலபமாகச் சரியாவதும் இதுதான். பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் சாம்பார் எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும், எத்தனை தடவை விளக்கினாலும் மஞ்சள் போகாது, எவர்சில்வரில் அந்தப் பிரச்சினை இல்லை. மஞ்சளில் இருக்கிற குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் பிசினிலும்தான் போய் ஒட்டும். காம்போசிட்டிலும் ஒரு பங்கு பிசின்தான். 1962-இல் அமெரிக்காவில் ரஃபேல் போவென் பேடண்ட் வாங்கிய பிஸ்-ஜி.எம்.ஏ. என்ற பிசின் இன்றைக்கும் பல காம்போசிட்டுக்கு அடிப்படை, அதில் கண்ணாடித் தூள், சிலிக்கா தூள் கலந்திருக்கிறார்கள். பல் தேய்த்துத் தேய்த்து, மென்று மென்று மேலே இருக்கிற பிசின் முதலில் தேய்கிறது. தார் கரைந்து ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், தூள்கள் அப்படி நிற்கும், இடையில் இருக்கிற பள்ளத்தில் டீயும் காபியும் வெற்றிலைச் சாறும் தங்கும். தூள் எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது. பழைய காலத்து காம்போசிட்டில் பத்து மைக்ரானுக்கு மேல் பெரிய கற்களாக இருந்தது, இன்றைய நானோ வகைகளில் நூறு நானோமீட்டருக்கும், அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது, அதனால் பளபளப்பு நாள்பட நிற்கிறது.

போன மாதம் ஒரு அம்மா வந்திருந்தார், டீக்கடை வைத்திருக்கிறவர். மேல் முன்பல்லில் அரிசியளவு அடைப்பு, தேங்காய் ஓட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. "இத எடுத்துடு தம்பி, கஸ்டமரப் பாத்துச் சிரிக்கவே கூச்சமா இருக்கு" என்றார். நகத்துக்கு ஓரம் மாட்டவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. முதலில் சொரசொரப்பான வட்டத் தகடு, அப்புறம் அதைவிட மென்மையானது, அப்புறம் அதைவிட மென்மையானது என்று நாலு தகடு மாற்றித் தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத் தேய்த்தேன். முதல் தகடு பட்டதுமே பழுப்புப் பொடி கரைந்து வந்தது, அடியில் ஏ3 அப்படியே இருந்தது. கடைசியில் ரப்பர் கப்பில் பாலிஷ் பசை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஊசியும் போடவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எவ்வளவு நாளில் கறை பிடித்தது என்று நினைத்துப் பாருங்கள், அது முக்கியமான துப்பு. நாலைந்து வருஷத்தில் மெல்ல மாறியது என்றால் இயல்பான தேய்மானம். வைத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே மாறிவிட்டால் மேல்பரப்பை முடித்த விதத்தில் குறை. காம்போசிட் இறுகும்போது காற்றில் இருக்கிற ஆக்சிஜன் படுகிற மேல் அடுக்கு முழுதாக இறுகாது, விரலில் ஒட்டுகிற பசையாக நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை வைத்து அழுத்தியோ கிளிசரின் ஜெல் தடவியோ காற்றை மறைத்துவிட்டு விளக்குக் காட்ட வேண்டும், அப்புறம் பாலிஷ் போட வேண்டும். கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது என்று இந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை விட்டால் அந்தப் பசை அடுக்கு எல்லாக் கறையையும் உறிஞ்சிக்கொள்ளும். இதற்கும் பாலிஷ்தான் மருந்து.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பயன்படுத்துகிறீர்களா? ஈறு வீக்கத்துக்கோ பல் எடுத்த பிறகோ பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்ததை, நன்றாக இருக்கிறதே என்று மருந்துக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிக்கிறவர்கள் நிறைய. அது டீயில் இருக்கிற டானினோடு சேர்ந்து பல்லிலும் அடைப்பிலும் பழுப்பாகப் படியும். சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள், ஒரு க்ளீனிங்கில் அந்தக் கறை போய்விடும். கறையைப் போக்குகிறேன் என்று கரித்தூள் பேஸ்ட், பல்பொடி, எலுமிச்சை என்று இறங்காதீர்கள். அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், ஆனால் மேல்பரப்பு இன்னும் சொரசொரப்பாகி அடுத்த மாதமே இரண்டு மடங்கு கறை ஏறும். எலுமிச்சை நல்ல எனாமலையும் அரிக்கும்.

அடைப்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தாலே உள்ளே சொத்தை என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, அது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டுப் பல்லை இழக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

காம்போசிட் இறுகும்போது கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது. ஒட்டியிருக்கிற பசை அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். 1955-இல் மைக்கேல் புவனோகோர் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று காட்டினார், இன்றைக்கும் 37 சதவீத ஜெல்லாக அதைத்தான் தடவுகிறோம். அமிலம் தடவிக் கழுவிய இடத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும், ஈறிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் பிடிப்பு போச்சு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து அந்த இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு வரும். ரப்பர் டேம் என்கிற விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டினால் வாயில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று பலர் வேண்டாம் என்கிறார்கள், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அடைப்பின் ஓரத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

இன்னொரு காரணமும் சாதாரணமாக வரும். அமிலம் தடவிய எல்லையைத் தாண்டி காம்போசிட் மெல்லிய தோலாக வழிந்திருக்கும், ஒட்டாத அந்தத் தோலுக்கு அடியில் டீ புகுந்து கோடு தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வழிந்ததை மட்டும் சீவி எடுத்துப் பாலிஷ் போட்டால் கோடும் சேர்ந்து போய்விடும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கோடு மெல்லியதாக, கூர்மையாக, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது, நகம் மாட்டவில்லை, வலி கூச்சம் எதுவுமில்லை என்றால் பெரும்பாலும் கறைதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே ஜன்னல் பக்கம் நின்று படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் கோட்டிலிருந்து பல்லுக்குள் நிழல் மாதிரி சாம்பலாகப் பரவுகிறது, பல்லிடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூல் அந்த இடத்தில் பிசிறுகிறது, எப்போதும் அங்கேயே சாப்பாடு மாட்டுகிறது, ஐஸ் தண்ணீரோ இனிப்போ பட்டால் சுருக்கென்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சொத்தை இருந்தாலும் முழு அடைப்பையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கெட்ட ஓரத்தை மட்டும் குடைந்து, பழைய காம்போசிட்டின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிப் புதியதை ஒட்டலாம். ரிப்பேர் என்று கேளுங்கள், டாக்டருக்குப் புரியும்.

பழுப்பு இல்லாமல் வெள்ளைக் கோடு, அதுவும் வைத்த அன்றே தெரிந்தால், சுருங்கிய காம்போசிட் இழுத்ததில் எனாமல் ஓரத்தில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கிறது. காலப்போக்கில் அதில் கறை ஏறலாம், ஆரம்பத்திலேயே ஓரத்தை மெதுவாகச் சீர்செய்து மெல்லிய பிசின் பூசி மூடிவிடுவது நல்லது. ஈறோரம் கறுப்பாகத் தெரிந்தால், ரத்தம் நிற்பதற்காகத் தடவிய ஃபெரிக் சல்ஃபேட் திரவம் சரியாகக் கழுவப்படாமல் அடைப்புக்கு அடியில் மாட்டியிருக்கவும் கூடும். பாலிஷில் அது போகாது.

பாலிஷ் போட்டும் மஞ்சள் போகவில்லை

அப்படியானால் மஞ்சள் உள்ளிருந்து வருகிறது. இறுகவைக்க உதவுகிற அமீன் என்ற பொருள் வருஷக்கணக்கில் ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளாகும். இரண்டு பசையைக் கலந்து தானே இறுகுகிற பழைய வகைகளில் இது அதிகம், விளக்கில் இறுகுகிறவற்றில் குறைவு. முழுதாக இறுகாத காம்போசிட்டிலும் இது வரும், அது தண்ணீரையும் கூடவே நிறத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண காம்போசிட்டை இரண்டு மில்லிமீட்டர் அடுக்காகத்தான் வைத்து இறுகவைக்க வேண்டும், நாலு மில்லிமீட்டர் போகலாம் என்பது பல்க் ஃபில் என்ற வகைக்கு மட்டும். விளக்கின் முனையில் காய்ந்த காம்போசிட் ஒட்டியிருந்தாலோ, விளக்கைத் தள்ளிப் பிடித்தாலோ அடியில் இருக்கிறது வேகாத சாதம் மாதிரிதான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விளக்கின் சக்தியை மீட்டரில் மாதம் ஒரு தடவை பாருங்கள். நான் பார்க்க ஆரம்பித்தது ஒரு வருஷத்தில் வைத்த பல அடைப்புகள் மஞ்சளாகித் திரும்பி வந்த பிறகுதான், விளக்கு பாதிச் சக்திக்கு இறங்கியிருந்தது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

உள் மஞ்சளுக்கும் அடைப்பு திடமாக, ஓரம் நன்றாக இருந்தால் முழுதாக எடுக்க வேண்டாம். தெரிகிற முகத்தில் ஒரு மில்லிமீட்டர் போலச் சீவிவிட்டு மேலே புதிய அடுக்கை வைக்கலாம். இறுகாமல் மெத்தென்று இருந்தால் மட்டும் முழுதாக மாற்ற வேண்டும்.

அடைப்பு அப்படியே இருக்கிறது, சுற்றியிருக்கிற பல் கருத்துவிட்டது

எப்போதாவது அந்தப் பல்லில் அடிபட்டதா என்று யோசியுங்கள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது, கிரிக்கெட் பந்து பட்டது, பத்து வருஷம் கழித்துப் பல் சாம்பலாகும். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம், வலி இருக்காது என்பதாலேயே ஆபத்து. அடைப்பை மாற்றுவதில் பயனில்லை, முதலில் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், தேவையென்றால் ரூட் கெனால், அப்புறம் உள்ளிருந்து வெளுக்கவைப்பது. வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெள்ளை வைத்தவர்களுக்கும் பல் கருநீலமாகத் தெரியலாம், அது வெள்ளிக் கலவை வருஷக்கணக்கில் பல்லுக்குள் இறக்கிவிட்டுப் போன நிறம். பல் திடமாக இருந்தால் அந்தக் கறையைத் துரத்திக்கொண்டு குடையத் தேவையில்லை.

ஈறோரத் தேய்மானத்தில் வைத்த அடைப்பு பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிட்டால் அது பெரும்பாலும் காம்போசிட்டே இல்லை, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட். முதல் ஒரு நாள் அது தண்ணீருக்கும் காய்வதற்கும் பயப்படும், அதனால்தான் மேலே வாஸ்லினோ வார்னிஷோ தடவி அனுப்புகிறோம். நிறத்துக்காக வைப்பதில்லை, சொத்தையைத் தடுக்க உதவுகிற ஃப்ளோரைடு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதற்காக வைப்பது. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம், தெரிகிற இடமென்றால் மேலே காம்போசிட்டை ஒட்டலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருக்கிற தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டுமாக இருக்கும். அதில் எந்த ஒற்றை நிறமும் முழுதாகப் பொருந்தாது, பிசின் பிடிப்பதும் கொஞ்சம் சிரமம். அடைக்கும் முன்பே இதை டாக்டரோடு பேசிவிடுங்கள்.

பல் வெள்ளையாகி அடைப்பு மட்டும் தனியாகத் தெரிகிறது

பல்லை வெளுக்கவைக்கிற பெராக்சைடு ஜெல் காம்போசிட்டை வெளுக்காது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ப்ளீச்சிங்குக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே முன்பல்லில் அடைப்பு இருக்கிறதா என்பதுதான். வெளுத்த பிறகு நிறம் நிலைக்கவும், பல்லில் தங்கிய ஆக்சிஜன் போகவும் இரண்டு வாரம் விட வேண்டும். அதற்கு முன் புதிய அடைப்பு வைத்தால் ஒட்டுவதும் பலவீனம், நிறமும் தவறிவிடும். அதனால் கல்யாணம் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே வாருங்கள். வயதாக ஆகப் பல் மஞ்சளாவதும் இயல்பு, இருபது வயதில் வைத்த நல்ல அடைப்பு நாற்பதில் வெள்ளையாகத் தனித்து நின்றால் மாறியது பல்தான்.

அடைப்பு வைத்ததும் டாக்டரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: காம்போசிட்டின் பேர், வைத்த நிறத்தின் எண். சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் உட்கார்ந்திருக்கும்போது, ஓரத்தில் ஒட்டுப் போட எந்த டியூபை எடுப்பது என்று அவர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.